ஏற முடியாத பஸ் யாருக்குச் சொந்தம்?

நடமாடும் உரிமை மனிதனுடைய ஏனைய உரிமைகள் அனைத்துக்கும் வாயிலாகும். பாடசாலைக்குப் போய்ச் சேர இயலாத பிள்ளைக்கு இலவசக் கல்வி ஏட்டுச் சுரைக்காய். ஆஸ்பத்திரியை அடைய முடியாத நோயாளிக்கு இலவச வைத்தியம் வெறும் பேச்சு. கந்தோரின் வாசற்படியைத் தாண்ட இயலாதவனுக்கு உத்தியோகத்தில் ஒதுக்கீடு என்பது கேலிக்கூத்து. இந்த எளிய உண்மையை எமது நாட்டில் எந்த அரசாங்கமும் வெளிப்படையாக மறுத்ததில்லை. எந்த அரசாங்கமும் முழுமையாக நிறைவேற்றியதுமில்லை. மறுக்காமலே மறுக்கும் வித்தைக்கு ஊனமுற்றோரின் பிரயாண விடயத்தை விடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

முதலில் தொகையைப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இந்நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் 16,17,924 பேர் பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலிய செயல்களில் ஏதோவொன்றில் இடர்ப்பாடு உடையவர்கள். இது 8.7 வீதம். அப்படியாயின் நூறு பேர் நெருக்கியடித்துச் செல்லும் பஸ்ஸிலே எட்டு ஒன்பது பேர் இத்தகையோராக இருத்தல் வேண்டும். இருக்கிறார்களா? ஊன்றுகோலுடன் ஒருவரைக் காண்பதே அபூர்வம். சக்கர நாற்காலியுடன் ஒருவரைக் காண்பது அதனினும் அபூர்வம். அவர்கள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. அதுதான் வழக்கு. அவர்கள் வீட்டிலே இருக்கிறார்கள். திண்ணையிலும், கட்டிலிலும், கொல்லைப்புறத்திலும் இருத்தி வைக்கப்பட்டிருக்கிறார்கள். வீதியிலே அவர்களைக் காணாத சமூகம், அப்படிப்பட்டவர்கள் சிலரே என்று முடிவு கட்டுகிறது. சிலரே என்பதால் அவர்களுக்காக எதுவும் செய்யத் தேவையில்லை என்று மேலும் முடிவு கட்டுகிறது. தான் மூடிய கதவைக் காட்டி, உள்ளே யாருமில்லை என்று சாதிக்கும் நியாயம் இது.

இவர்களுக்குச் சொல்லப்படும் புத்திமதி ஒன்று உண்டு: பிரயாணத்தை முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்ளுங்கள் என்பது. கேட்பதற்கு அது அன்பான ஆலோசனையாகத் தோன்றும். அந்த ஆலோசனையின் உட்பொருளைச் சற்று ஆராய்வோம். காலிரண்டும் திடமாயுள்ள ஒருவன் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போக வேண்டுமாயின் சட்டையை மாட்டிக்கொண்டு வீதிக்கு வருகிறான். முதலில் வரும் பஸ்ஸை மறிக்கிறான். அதே கிராமத்தில், எறிகணையில் இரு கால்களையும் இழந்த ஒரு பெண் கிளினிக்குக்குப் போக வேண்டுமாயின் என்ன செய்கிறாள்? எந்தச் சாரதி நிறுத்துவான், எவன் நிறுத்தமாட்டான் என்று விசாரிக்கிறாள். தன்னைத் தூக்கி ஏற்ற அண்ணனுக்கு அன்று வேலை இல்லாமல் இருக்குமா என்று பார்க்கிறாள். வேலையிருப்பின் ஒரு நாட் கூலி போகும். சக்கர நாற்காலியை வைக்க இடமிருக்குமா, அதற்கும் ஒரு ரிக்கற் கேட்பார்களா என்று யோசிக்கிறாள். பஸ் நிலையத்து மலசலகூடத்தின் வாசல் தன் நாற்காலியை விடக் குறுகியது என்பதை அறிந்தவளாதலின், முதல் நாட் பின்னேரத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறாள்.

இந்தக் கடைசி விடயத்தை வாசகர்கள் இலேசாகக் கடந்து போகலாகாது. நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கோளாறும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோரை அதிகம் வாட்டும் நோய்கள். வைத்தியரிடம் போவதற்காகவே நோயைக் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதுதான் அவளுடைய பிரயாணத் திட்டம். நாடு போட்டிருக்க வேண்டிய திட்டத்தை நாடு போடாத காரணத்தால், அந்தத் திட்டத்தின் முழுப் பாரத்தையும் ஒரு தனி உடம்பு சுமக்கிறது. திட்டமிடுங்கள் என்று அவளுக்குச் சொல்பவர் யாராயினும், அவர் முதலிற் சொல்ல வேண்டிய இடம் போக்குவரத்து அமைச்சாகும்.

பணம் உள்ளவனுக்கு இந்தத் துன்பத்தின் பெரும்பகுதி இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவனுக்குச் சொந்தக் கார் உண்டு, சாரதி உண்டு, வாசல்வரை கொண்டுபோய் இறக்க ஆளுண்டு. இல்லாதவனோ ஓட்டோவை வாடகைக்குப் பிடிக்கிறான். பஸ் கட்டணத்தின் பன்மடங்கைக் கொடுக்கிறான். உழைப்பதற்கு வழி குறைந்தவனிடமே பிரயாணத்துக்கு அதிகம் அறவிடும் விசித்திரமான பொருளாதாரம் இது. மலையகத் தோட்டங்களிலோ ஓட்டோவும் ஏறாத லயங்கள் உண்டு. அங்கே நோயாளியைத் தோளிலே சுமந்துதான் வீதிக்கு இறக்குகிறார்கள். ஊனம் எல்லா வர்க்கத்தாருக்கும் வரலாம். ஆனால் வீட்டுச்சிறை ஏழைக்கே விதிக்கப்படுகிறது.

இனி, வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். 1958 ஜனவரி முதலாந் தேதி இந்நாட்டின் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உதயமாயிற்று. அதற்கு முன் பஸ் முதலாளிகள் இலாபம் வரும் பாதையில் ஒருவரையொருவர் முந்தி ஓடினர். இலாபம் வராத கிராமத்தை எட்டிப் பார்க்கவில்லை. பிரயாணம் வியாபாரப் பண்டமன்று, அது மக்கள் சேவை என்ற கொள்கை அன்று வென்றது. குக்கிராமங்களுக்கும் பஸ் போயிற்று. மாணவர் பருவச்சீட்டுடன் பள்ளிக்குச் சென்றனர். 1977க்குப் பின் வந்த திறந்த பொருளாதாரம் அந்தக் கொள்கையின் முதுகெலும்பை முறித்தது. 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. அவற்றோடு பழைய ஓட்டப்பந்தயமும் வந்தது.

இந்தப் பந்தயத்தின் இயக்கத்தை விளங்கிக்கொள்வது அவசியம். தனியார் பஸ்ஸின் சாரதியும் கொண்டக்டரும் பெரும்பாலும் மாதச் சம்பளம் பெறுவோரல்லர். அன்றைய வசூலில் முதலாளிக்குரியதைக் கட்டிய பின் எஞ்சுவதிலேயே அவர்கள் சீவியம் நடக்கிறது. பின்னால் வரும் பஸ் முந்திவிட்டால் அடுத்த தரிப்பில் நிற்கும் சனம் அதற்குப் போய்விடும். ஆகவே ஒரு நிமிடம் தாமதித்து ஊன்றுகோற்காரனை ஏற்றுவது அவர்களுக்கு நட்டம். பஸ் முற்றாக நிற்குமுன்னரே ஏறச் சொல்கிறார்கள். கால் தரையிற் படுமுன்னரே இழுத்துவிடுகிறார்கள். இதைக் கண்டு கொண்டக்டரை நெஞ்சிலே ஈரமற்றவன் என்று திட்டிவிட்டுப் போவது எளிது. அவனுடைய ஈரத்தை உறிஞ்சுவது அந்த வசூல் முறை என்பதைக் காண்பதே நமது கடமை. தொழிலாளிக்கு நிலையான சம்பளம் கிடைத்தால் ஊனமுற்றவனுக்கு ஒரு நிமிடம் கிடைக்கும். இருவர் நலனும் இங்கே ஒன்றாகிறது.

பஸ் வண்டியின் அமைப்பையும் பார்க்க வேண்டும். எமது வீதிகளில் ஓடும் பஸ்களுட் பல, சரக்கு லொறிக்குரிய அடிச்சட்டத்தின் மேல் மனிதர் இருக்கும் கூட்டைக் கட்டியெழுப்பியவை. அதனாலேயே அவற்றின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்தில் இருக்கிறது. முதற்படியே ஒரு முழ உயரம். மூட்டைக்கு முழங்கால் வலிப்பதில்லை. ஆகவே மூட்டைக்காகச் செய்த வண்டியில் அந்த உயரம் குற்றமில்லை. மனிதருக்காகச் செய்த தாழ்தளப் பஸ்களில் தளத்தின் உயரம் அதன் பாதியிலும் குறைவு. வாசலில் ஒரு பலகையை விரித்தால் சக்கர நாற்காலி உள்ளே உருண்டு செல்லும். சில பஸ்களிலே ஊனமுற்றோருக்கென ஆசனம் ஒதுக்கி எழுதி வைத்திருக்கிறார்கள். ஆசனம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஆசனத்தை அடையும் வழி ஒதுக்கப்படவில்லை! படிகளின் உச்சியில் இருக்கும் அந்த ஆசனம், மரத்தின் உச்சியிற் கட்டிய தண்ணீர்ப்பந்தல் போன்றது.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். சட்டத்துக்குக் குறைவில்லை. அரசாங்க வேலைகளில் 3 வீதத்தை ஊனமுற்றோருக்கு ஒதுக்குமாறு 1988இலேயே சுற்றறிக்கை வந்தது. 1996இல் அவர்களுடைய உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிற்று. பொதுமக்கள் செல்லும் எந்தக் கட்டடத்துக்கும் இடத்துக்கும் ஊனம் காரணமாக ஒருவர் செல்லத் தடையிருத்தலாகாது என்று அது கூறுகிறது. அந்தச் சட்டத்தைச் செயற்படுத்தும் விதிகள் வர்த்தமானியில் வெளிவரப் பத்து ஆண்டுகள் சென்றன. 2006 ஒக்டோபரில் வெளியான அவ்விதிகள் பொதுக் கட்டடங்களையும் பொது இடங்களையும் மூன்று ஆண்டுகளுக்குள் திருத்தியமைக்க வேண்டும் என்றன. மூன்று ஆண்டு முடிந்தது, கட்டடங்கள் திருந்தவில்லை, காலக்கெடுவைத் திருத்தி நீட்டினார்கள்.

1992இல் மோட்டார் காரின்மேல் மரம் வீழ்ந்து சக்கர நாற்காலிக்கு உரியவரான அஜித் சி. எஸ். பெரேரா என்பவர் உயர் நீதிமன்றம் வரை சென்று வழக்காடினார். 2009 ஏப்ரலில் நீதிமன்றம், புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டடங்கள் யாவும் அவ்விதிகளுக்கு அமைய வேண்டும் எனக் கட்டளையிட்டது. 2016இல் இலங்கை, ஊனமுற்றோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 9ஆம் உறுப்புரை போக்குவரத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சுற்றறிக்கை, சட்டம், விதி, தீர்ப்பு, உடன்படிக்கை ஆகிய ஐந்து படிகளை அரசு ஏறிவிட்டது. பஸ்ஸின் மூன்று படிகளை மாத்திரம் இறக்க முடியவில்லை.

செய்யப்பட்ட சில வேலைகளோ செய்யாதிருப்பதினும் மோசமானவை. சாய்தளம் அமைப்பதற்கு உலகெங்கும் ஒரு கணக்கு உண்டு: ஓரடி உயர்வுக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். எமது கந்தோர்களிலும் வங்கிகளிலும் மூன்றடி உயரப் படிகளின் மேல் ஆறடி நீளத்துக்குச் சீமெந்தைச் சரித்து ஊற்றிவிட்டுச் சாய்தளம் என்கிறார்கள். மழைநாளில் நல்ல காலுள்ளவனே அதில் வழுக்கி விழுவான். சக்கர நாற்காலி திரும்புவதற்கு ஐந்தடி விட்டமுள்ள வெளி வேண்டும். மலசலகூடத்தின் கதவிலே நாற்காலிப் படத்தை ஒட்டிவிட்டு உள்ளே வாளி துடைப்பங்களை அடுக்கி வைக்கிறார்கள். பார்வையற்றோர் காலால் உணர்ந்து நடப்பதற்கான புடைத்த தளவரிசை 1965இல் ஜப்பானிலே செயிச்சி மியாக்கே என்பவராற் கண்டுபிடிக்கப்பட்டு, 1967இல் ஒக்காயாமா நகரிற் பார்வையற்றோர் பாடசாலைக்கு அருகில் முதன்முதல் பதிக்கப்பட்டது. எமது நகரங்களில் அதைப் பதித்த சில நடைபாதைகளில், அந்த வரிசை நேரே ஒரு விளக்குக் கம்பத்திற் போய் முட்டுகிறது. அதை நம்பி நடப்பவனின் நெற்றிக்கு யார் பொறுப்பு?

பெயர்களும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அங்கவீனர் என்றார்கள், வலுவிழந்தோர் என்றார்கள், விசேட தேவையுடையோர் என்றார்கள், மாற்றுத்திறனாளிகள் என்கிறார்கள். இழிசொல்லை விலக்குவது நல்லதே. அதை எதிர்ப்போர் நாமல்லர். ஆனால் டிசம்பர் 3ஆந் தேதி மேடையிலே புதிய பெயரால் வாழ்த்திப் பொன்னாடை போர்த்துவோர், அந்த மேடைக்கே சாய்தளம் வைக்காமல் நாலு பேரைக்கொண்டு ஆளைத் தூக்கி ஏற்றும்போது, மரியாதை எங்கேயிருக்கிறது?

எதிர்வாதங்களை எடுத்துக்கொள்வோம். வறிய நாடு, கடன்பட்ட நாடு, பணத்துக்கு எங்கே போவது என்பர் சிலர். 2011இல் தெற்கு அதிவேக வீதி திறக்கப்பட்டது. 2013இல் மத்தளையிலே விமானங்கள் வராத விமான நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. கொழும்பிலே ஏறத்தாழ 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரம் எழுந்தது. அதன் பார்வைத் தளத்துக்குச் செல்ல மின்தூக்கி உண்டு. உல்லாசப் பிரயாணியை அந்தக் கோபுரத்தின் மேலே தூக்கப் பணம் கிடைத்த நாட்டிலே, குடிமகனை ஒரு மீற்றர் தூக்கப் பணம் இல்லையாம்! மேலும், இருப்பதை இடித்துத் திருத்துவதற்குத்தான் பெருஞ்செலவு. தொடக்கத்திலேயே சரியாகக் கட்டுவதற்கு மேலதிகச் செலவு சொற்பம். அரசும் தனியாரும் இன்றுவரை புதிது புதிதாகப் பஸ்களை வாங்கியே வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு தொகுதி உயர்தளப் பஸ்ஸும் வீதிக்கு இறங்கும்போது, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கான கதவடைப்பு அதனோடு சேர்ந்து இறங்குகிறது.

குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்பர் வேறு சிலர். எமது பண்பாட்டிலே பெற்றாரையும் சகோதரரையும் கைவிடும் வழக்கமில்லை என்று பெருமையுடன் கூறுவர். குடும்பம் என்ற சொல்லின் பின்னாலே ஒளிந்து நிற்பவள் யார்? தாய், அல்லது கல்யாணமாகாத அக்கா. இருபது வயது மகனைத் தூக்கித் தூக்கி நாரி முறிந்த தாயின் உழைப்பின் மேலேதான் அரசின் சிக்கனம் நிற்கிறது. தூக்கப்படுகிறவனுடைய மனத்தையும் யாரும் கேட்பதில்லை. தன் விருப்பப்படி ஒரு கூட்டத்துக்கு, ஒரு படத்துக்கு, ஒரு நண்பன் வீட்டுக்குப் போய் வர அவனுக்கும் ஆசையிராதா? பிறர் தோள் கிடைக்கும் நேரத்தில் மாத்திரம் அசையக்கூடியவன், வளர்ந்த பின்னும் குழந்தையாகவே வைக்கப்படுகிறான்.

கர்மவினை என்போரும் உளர். எறிகணை எவருடைய முற்பிறப்பையும் விசாரித்துவிட்டு வீழ்ந்ததில்லை. யுத்தத்திலே வன்னிப் பெண்ணும் காலிழந்தாள். தெற்கே ஓர் ஏழைக் கமக்காரனின் மகனும் சீருடையுடன் வந்து கண்ணிவெடியிற் காலிழந்தான். அரசு ஒருவனை வீரன் என்றது. மற்றவளைச் சந்தேகக் கண்கொண்டு பார்த்தது. பஸ் இருவரையுமே ஏற்றவில்லை. படிக்கட்டுக்குச் சிங்களமும் தெரியாது, தமிழும் தெரியாது. இனவாதம் பிரித்து வைத்த இந்த இருவரும் ஒரே கோரிக்கையுடன் ஒரே பஸ் நிலையத்தில் நிற்கும் நாள் வருமாயின், அது இந்நாட்டு அரசியலிலே ஒரு முக்கியமான நாளாக இருக்கும்.

அப்படி நின்றவர்கள் உலகத்தில் உண்டு. அமெரிக்காவிலே ஊனமுற்றோரைப் புறக்கணித்தலைத் தடைசெய்யும் சட்டப்பிரிவு 1973இல் நிறைவேறியும், அதைச் செயற்படுத்தும் விதிகளில் கையொப்பமிடாமல் அரசு நான்கு ஆண்டுகள் இழுத்தடித்தது. 1977 ஏப்ரலில் நூற்றுக்கு மேற்பட்ட ஊனமுற்றோர் சான் பிரான்சிஸ்கோவில் அரசாங்கக் கந்தோர்க் கட்டடத்தினுள்ளே புகுந்து மூன்று வாரத்துக்கு மேல் வெளியேற மறுத்தனர். அவர்களுக்குச் சூடான உணவு கொண்டுவந்து கொடுத்தவர்கள் கறுப்பின மக்களின் கருஞ்சிறுத்தைக் கட்சியினர். அம்மாத முடிவுக்குள் கையொப்பம் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் டென்வர் நகரிலே பத்தொன்பது பேர் தம் சக்கர நாற்காலிகளை நடுவீதியிலே நிறுத்தி பஸ்களை மறித்தனர். சில ஆண்டுகளுக்குள் அந்நகரப் பஸ்களில் தூக்கிகள் பொருத்தப்பட்டன. செல்வந்த நாடாதலால் அவர்களுக்குக் கிடைத்தது என்று கூறுவோர் இதைக் கவனிக்க வேண்டும்: செல்வம் அங்கே 1978க்கு முன்னரும் இருந்தது, பஸ்ஸில் மாத்திரம் இடமிருக்கவில்லை.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. 1960களின் பிற்பகுதியிலே யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் நின்று கேட்டது எது? பொது என்று பெயர்வைத்த இடம் பொதுவாக இருக்கட்டும் என்பதே. அங்கே மனிதர் குறுக்கே நின்று மறித்தனர். இங்கே சீமெந்தும் இரும்பும் மறிக்கின்றன. தடையை ஏற்படுத்தியவன் கண்ணுக்குத் தெரியாததால் தடை இயற்கையானது என்று எண்ணுகிறோம். படிக்கட்டு வானத்திலிருந்து இறங்கவில்லை. ஒருவர் வரைந்தார், ஒருவர் அங்கீகரித்தார், ஒருவர் கட்டினார். முற்போக்கு எழுத்தாளர்கள் சாதித் தடையைக் கதையாக்கினர். அக்கதைகள் போராட்டத்துக்குத் துணை நின்றன. ஊனமுற்றவனோ எமது கதைகளிலே இன்னும் பெரும்பாலும் பரிதாபத்துக்கும் பாவத்தின் சம்பளத்துக்கும் உருவமாகவே வந்து போகிறான். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பிரசையாக அவன் வருவது எப்போது?

கோரிக்கைகள் தெளிவானவை. இனிமேல் பொதுப்பணத்திலே வாங்கப்படும் எந்தப் பஸ்ஸும், எந்தப் புகையிரதப் பெட்டியும் படியின்றி ஏறக்கூடிய வாசல் ஒன்றேனும் இல்லாமல் வாங்கப்படலாகாது. தனியார் பஸ்ஸுக்கு வழி அனுமதிப்பத்திரம் கொடுக்கும்போதும் இதே நிபந்தனை படிப்படியாக விதிக்கப்பட வேண்டும். பஸ் நிலையங்களும் புகையிரத நிலையங்களும், அவற்றின் மலசலகூடங்களும், ஊனமுற்றோரையே உறுப்பினராகக் கொண்ட குழுக்களால் அளந்து பார்க்கப்பட வேண்டும். அவர்கள் ஏற்றுக்கொண்டாலன்றிக் கொந்தராத்துக்காரனுக்குப் பணம் கொடுக்கலாகாது. தரிப்பிடங்களின் பெயர் பஸ்ஸினுள்ளே இரு மொழியிலும் உரத்து அறிவிக்கப்பட வேண்டும். பார்வையற்றவர் அடுத்தவரைக் கெஞ்சிக் கேட்கும் நிலை ஒழிய வேண்டும். எந்த நிலையத்தில் என்ன வசதி உண்டு, எது இல்லை என்பதை அரசே உண்மையாக வெளியிட வேண்டும். பஸ் தொழிலாளருக்கு வசூற் பங்கு நீங்கி நிலையான சம்பளம் வரவேண்டும். இவை சலுகைகள் அல்ல. வரி கட்டும் பிரசைகள் தம் சொத்தைத் தாம் உபயோகிக்கக் கேட்கிறார்கள், அவ்வளவே. 2012இல் அறுபது வயதைக் கடந்தோர் இந்நாட்டுச் சனத்தொகையில் 12.4 வீதமாயினர், அத்தொகை ஏறிக்கொண்டே செல்கிறது. இன்று அலட்சியமாகப் பார்க்கும் பலருக்கும் நாளை அந்த முதற்படி மலையாகும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் உடனடியாகச் செய்யக்கூடிய வேலை ஒன்றுண்டு. ஓர் அளவு நாடாவும் ஒரு கொப்பியும் போதும். உங்கள் பாடசாலை வாசலை அளந்து பாருங்கள். உங்கள் ஊர்ப் பஸ் நிலையத்தின் படியை, மலசலகூடக் கதவை, ஆஸ்பத்திரிச் சாய்தளத்தின் நீளத்தை அளந்து பாருங்கள். அளந்ததை 2006ஆம் ஆண்டு விதிகளோடு ஒப்பிடுங்கள். உங்கள் வட்டாரத்திலே பள்ளிக்கு வராமல் வீட்டிலிருக்கும் பிள்ளைகளின் வாசலுக்குப் போய், என்ன மறிக்கிறதென்று அவர்களையே கேளுங்கள். அவர்களையும் அழைத்துக்கொண்டு பிரதேச சபைக்குச் செல்லுங்கள். பஸ் தொழிலாளர் சங்கத்தாரையும் கூட்டிச் செல்லுங்கள். இடதுசாரி இயக்கத்தின் கோரிக்கைப் பட்டியல்களில் இந்த விடயம் இடம்பெற்றது அரிது. அதை எழுதிச் சேர்க்க வேண்டியவர்கள் நீங்கள்.

1958இலே பஸ் மக்களுக்குச் சொந்தமாயிற்று என்றோம். மக்களில் நூற்றுக்கு எட்டுப்பேரைத் தெருவிலே விட்டுவிட்டு ஓடும் பஸ் இன்னும் முழுமையாக மக்களுக்குச் சொந்தமாகவில்லை. அந்தத் தேசியமயம் பாதி வழியிலே நிற்கிறது. மீதி வழியை அது ஓடியாக வேண்டும். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஓடியாக வேண்டும்.